முகச் சுருக்கங்கள்: கத்திக்கு உரியது எது, லேசருக்கு உரியது எது?

(நூற்றாண்டு விழாவை முன்னிட்டுப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய மருத்துவக் கருத்தமர்வில் நிகழ்த்தப்பட்ட உரை)



இதே மண்டபத்தில் பேச்சுப் போட்டிக்கு மனனம் செய்துவந்து, பாதியில் மறந்துபோய் நின்றவர்கள் நாங்கள். இன்று தாளைப் பார்த்து வாசிப்பதற்கு ஆசிரியர்கள் மன்னிக்கவேண்டும்.

உயர் இரத்த அழுத்தம் பற்றிப் பேசும்படிதான் சங்கத்தினர் முதலில் கேட்டார்கள். பிறகு செயலாளர் அக்கா மெதுவாகச் சொன்னார்: "பிறஷரைப் பற்றி எல்லா டொக்டர்மாரும் சொல்லிப்போட்டினம். எங்கடை வட்ஸ்அப்பிலை ஆக்கள் கேக்கிறது முகத்தைப் பற்றித்தான். அதையும் பொதுவிலை கேக்கினமில்லை, தனியத் தனியத்தான் கேக்கினம்." அந்தத் "தனிய" என்ற சொல்தான் இந்தத் தலைப்பை நாம் ஏற்றுக்கொள்ளக் காரணம். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு நாள் இரவு, கனடாவில் இருக்கும் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். அவளுடைய அனுமதியுடன்தான் இதைச் சொல்கிறோம். "விழாவுக்கு வர முன்னம் முகத்தைச் செய்யப்போறன். ஃபேஸ்லிப்ற்றும் லேசரும் ஒரே நாளிலை செய்யலாமாம், சுருக்கம் எல்லாம் போயிடுமாம். முப்பது வருசத்துக்குப் பிறகு உங்களை எல்லாம் பாக்க வாறன். கிழவி மாதிரி வந்து நிக்க ஏலாது. சொல்லு, செய்யலாமோ?"

நாங்கள் சிரிக்கவில்லை. 1995 இடப்பெயர்வோடு பிரிந்த வகுப்பு எங்களுடையது. வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது எடுத்தவை சான்றிதழ்களும் கொஞ்ச உடுப்பும்தான். வகுப்புப் படம் ஒருவரிடமும் மிஞ்சவில்லை. நாங்கள் ஒருவரையொருவர் வைத்திருப்பது ஞாபகத்தில் மட்டுமே. அந்த ஞாபகத்தில் எல்லோருக்கும் வயது பதினேழு. அந்தப் பதினேழு வயதுக்கு முன்னால் வந்து நிற்பதற்கு அவள் பயப்பட்டதில் அற்பம் ஒன்றும் இல்லை.

எங்கள் பிரிவில் நாம் அதிகம் பார்ப்பது தீக்காயம் பட்டவர்களை. முகம் மாறிப்போனால் ஒரு பெண் எவ்வளவு நாட்களுக்கு வாசலுக்கு வராமல் இருப்பாள் என்பது எங்களுக்குத் தெரியும். சுருக்கத்துக்குப் பயன்படும் அதே லேசரால்தான் தீக்காயத் தழும்புகளையும் இளக்குகிறோம். ஆகவே முகத்தைப் பற்றிக் கவலைப்படுவது வீண்பெருமை என்று சொல்லும் கூட்டத்தில் நாம் இல்லை. ஆனால் அவளுடைய கேள்விக்கு "ஓம்" அல்லது "இல்லை" என்று ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை. அன்றிரவு ஒரு மணித்தியாலம் கதைத்ததைத்தான் இன்று உங்கள் முன் ஒழுங்குபடுத்தி வைக்கிறோம்.

சுருக்கம் ஒன்றல்ல

பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் சுருக்கம் என்கிறோம். வைத்தியரின் கண்ணுக்கு அவை மூன்று. முதலாவது, தொய்வு: கன்னம் இறங்கி, மூக்கின் பக்கத்திலிருந்து வாய்வரை விழும் மடிப்பு, தாடையோரத்துத் தளர்ச்சி, கழுத்துத் தொங்கல். இரண்டாவது, தோலிலேயே பதிந்துபோன நுண்கோடுகள்: மேலுதட்டின் மேல் நிலைக்குத்தாக ஓடுபவை, கண்ணின் கீழ் வலைபோல் கிடப்பவை. மூன்றாவது, சிரிக்கும்போதும் புருவத்தைச் சுளிக்கும்போதும் தசை மடிப்பதால் வரும் கோடுகள். இந்த மூன்றாவதற்குச் சிகிச்சை பெரும்பாலும் ஊசிமருந்துதான். இன்று அதை விட்டுவிடுவோம்.

உங்களுக்கு எது இருக்கிறது என்பதை வீட்டிலேயே ஓரளவு அறியலாம். கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு கட்டிலில் நிமிர்ந்து படுத்து, கண்ணாடியை முகத்துக்கு நேரே பிடியுங்கள். நிற்கும்போது தெரிந்தவற்றில் படுத்தவுடன் மறைபவை தொய்வு. படுத்த பிறகும் அப்படியே இருப்பவை தோலின் கோடுகள்.

தொய்வுக்குக் கத்தி, கோட்டுக்கு லேசர். இதை நினைவில் வைக்க எங்கள் வெள்ளைச் சீருடையை நினைத்தாலே போதும். பெரிதாகிப்போன சட்டையை அம்மா பிடித்துத் தைத்துத் தருவா. கசங்கிய சட்டையைச் சிரட்டைக்கரிப் பெட்டியால் அயன் பண்ணுவோம். பிடித்துத் தைத்தால் கசங்கல் போகாது; அயன் பண்ணினால் சட்டை சிறிதாகாது. ஃபேஸ்லிப்ற் செய்த பிறகும் உதட்டுக்கு மேலுள்ள கோடுகள் அப்படியே இருக்கின்றன என்று கவலைப்படுபவர்கள் உண்டு. அது சத்திரசிகிச்சையின் பிழையல்ல. அந்த வேலை அதற்கு உரியதல்ல.

கத்தி செய்வது

முகத்தூக்குச் சத்திரசிகிச்சையில் காதின் முன்னும் பின்னுமாக வெட்டி, தோலைக் கீழுள்ள இழையத்திலிருந்து பிரித்து, தூக்கி, மிகுதியை வெட்டித் தைக்கிறோம். ஆரம்ப காலத்தில் தோலை மட்டும்தான் இழுத்தார்கள். தோல் இரப்பர்போல மீண்டும் தளர்ந்தது. முகமும் இழுபட்ட தோற்றம் கொண்டது. 1976 இல் மிற்ஸ், பெய்ரோனி என்ற இருவர், தோலுக்கும் கொழுப்புக்கும் கீழே முகத் தசைகளோடு இணைந்து ஒரு மெல்லிய படலம் இருப்பதை விபரித்தார்கள். அதற்குப் பிறகு பாரத்தை அந்தப் படலத்தில் ஏற்றி, தோலை இழுவிசையின்றித் தைக்கும் முறைகள் வளர்ந்தன. இன்று நன்றாகச் செய்யப்பட்ட முகம் "செய்த" முகமாகத் தெரியாமல் இருப்பதற்கு அது ஒரு முக்கிய காரணம்.

லேசர் செய்வது

அதிகம் பயன்படுவது காபனீரொட்சைட்டு லேசர். இதை 1964 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் உருவாக்கியவர் இந்தியாவில் பிறந்த குமார் பட்டேல். இதன் அலைநீளம் 10,600 நனோமீற்றர், கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் இதை உடனே உறிஞ்சிக்கொள்ளும். தோலின் கலங்களில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர். ஆகவே மேற்படை ஆவியாகிறது, அதற்குக் கீழே சூடு பரவுகிறது, அங்குள்ள கொலாஜன் சுருங்கிப் பின்னர் புதிதாக உருவாகிறது. அந்த உருவாக்கம் மாதக்கணக்கில் நடக்கும். எர்பியம் லேசர் இதைவிட மெல்லியதாகச் செதுக்கும். கீழே விடும் சூடு குறைவு.

மேற்படை போன இடத்தில் புதுத்தோல் எங்கிருந்து வருகிறது? மயிர்க்கால்களிலிருந்தும் எண்ணெய்ச் சுரப்பிகளிலிருந்தும். முகத்தில் இவை நிறைய உண்டு, கழுத்தில் குறைவு. முகத்துக்குப் பாவித்த அளவையே கழுத்துக்கும் பாவித்தால் தழும்பு வருவது அதனால்தான். 2004 இல் ஒரு முன்னேற்றம் வந்தது. முழுத் தோலையும் எரிக்காமல், நுண்ணிய புள்ளிகளாக மட்டும் துளைத்து, இடையில் நல்ல தோலை விட்டுவைக்கும் முறை அது. நல்ல தோல் அருகிலேயே இருப்பதால் காயம் விரைவில் மூடும்.

நாம் மறக்கக்கூடாதது ஒன்று: லேசர் என்பது அளந்து கொடுக்கப்படும் ஒரு தீக்காயம்.

இரண்டையும் ஒரே நாளில் செய்தால்

நன்மை விளங்குகிறது. ஒரு முறை மயக்கமருந்து, ஒரு முறை விடுப்பு, தொய்வும் கோடும் ஒன்றாகத் தீரும். ஆனால் முகத்தூக்கில் தோலைப் பிரிக்கும்போது, கீழிருந்து அதற்கு இரத்தம் கொண்டுவந்த நுண்குழாய்களும் அறுபடுகின்றன. அந்தத் தோல் சில நாட்களுக்கு ஓரங்களிலிருந்து வரும் இரத்தத்தை நம்பியே உயிர்வாழ்கிறது. அந்த நேரத்தில் மேலிருந்து லேசரால் சுட்டால், இரண்டு பக்கத்தாலும் அடி. தோல் கறுத்து இறந்துபோகலாம். இந்தப் பயத்தினால்தான் 1990களில் பல சத்திரசிகிச்சை நிபுணர்கள் முதலில் தூக்கிவிட்டு, மாதங்கள் கழித்தே லேசர் செய்தார்கள்.

இன்று ஒரே நாளில் செய்கிறார்கள். ஒழுங்காகச் செய்தால் பாதுகாப்பாகவும் செய்யலாம். ஆனால் முகம் முழுவதற்கும் ஒரே அளவு என்று செய்வதில்லை. தோலைப் பிரிக்காத இடங்களான வாயைச் சுற்றி, நெற்றி, கண்ணின் கீழ் ஆகியவற்றுக்குத் தேவையான ஆழம் கொடுக்கலாம். பிரித்த கன்னத்தில் மிக மெல்லிதாக, அல்லது தொடாமலே விடவேண்டும். படலத்தோடு சேர்த்துத் தடிப்பாகத் தூக்கப்பட்ட தோல், மெல்லிதாகப் பிரிக்கப்பட்ட தோலைவிட அதிகம் தாங்கும். கண்ணின் கீழ்ப் பையை இமையின் உட்பக்கத்தால் எடுத்துவிட்டு, வெளித்தோலுக்கு மெல்லிய லேசர் கொடுப்பது நல்ல பொருத்தம். வெளியே வெட்டே இல்லை. அங்கும் அளவு மீறினால் இமை கீழே இழுபட்டுக் கண் சரியாக மூடாது.

புகைப்பவர்களுக்கு இந்தச் சேர்க்கை ஆபத்து. நிக்கொட்டின் நுண்குழாய்களைச் சுருக்கும். குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன்பே நிறுத்தவேண்டும். முகத்தூக்குக்குப் பின்னர் அதிகம் வரும் சிக்கல் தோலுக்கடியில் இரத்தம் கட்டுவது. அதனால்தான் இரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இருக்கவேண்டும். பார்த்தீர்களா, செயலாளர் அக்கா, கடைசியில் பிறஷருக்கே வந்துவிட்டோம்!

எங்கள் தோல்

விளம்பரங்களில் வரும் "முன்", "பின்" படங்களைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் வெள்ளைத் தோல்கள். 1975 இல் பிற்ஸ்பற்றிக் என்ற தோல் வைத்தியர் ஆரம்பித்த தரப்படுத்தலில் தோல் இன்று ஆறு வகை. எங்களிற் பலர் நாலாம், ஐந்தாம் வகை. எங்கள் மெலனின் எங்களுக்குக் குடைபிடித்திருக்கிறது. நுண்கோடுகள் எங்களுக்குப் பெரும்பாலும் பிந்தியே வருகின்றன. எங்களில் வயதைக் காட்டுவது அதிகமும் கன்னத் தொய்வும், கண்ணடிக் கருமையும், நிறத் திட்டுகளும்தான். அதாவது, லேசர் மிக நன்றாகச் செய்யும் வேலை எங்களுக்கு அவ்வளவு தேவைப்படுவதில்லை. லேசர் கெடுக்கக்கூடிய நிறம்தான் எங்களிடம் அதிகம்.

காபனீரொட்சைட்டு லேசர் தேடுவது தண்ணீரை, நிறத்தை அல்ல. ஆனால் அதன் சூடு விடும் அழற்சி எங்கள் நிறக்கலங்களைத் தட்டி எழுப்பிவிடும். காயம் ஆறி, எல்லாம் நல்லது என்று நினைக்கும் நேரத்தில், மூன்று நான்கு வாரங்கள் கழித்துக் கருமை படரும். மெல்ல மெல்லக் குறையும், ஆனால் மாதங்கள் எடுக்கும். மிக ஆழமாகச் சுட்டால் நிறக்கலங்களே அழிந்து, பல மாதங்களின் பின் வெளிறிய திட்டுகள் தெரியும். அவை பெரும்பாலும் மாறுவதில்லை. கரிப்பெட்டி சூடேறினால் வெள்ளைச் சட்டையில் பழுப்பு அடையாளம் விழுமே, அந்தக் கவனம் இங்கும் வேண்டும்.

இப்போது "தனிய" என்ற சொல்லுக்கு வருகிறோம். எங்களிடம் வந்த ஓர் அக்காவின் கதை இது. அவரை அடையாளம் காட்டும் எதையும் சொல்லமாட்டோம். சொல்லும்படி அவரே கேட்டுக்கொண்டார். மகளின் திருமணத்துக்கு முன், வீட்டில் ஒருவருக்கும் சொல்லாமல், ஒரு வெளிநாட்டு நகரத்துச் சிகிச்சை நிலையத்தில் கண்ணிமைச் சத்திரசிகிச்சையும் முகத்துக்கு லேசரும் ஒன்றாகச் செய்துகொண்டார். ஓர் இடத்தில் சிறிதாகச் செய்து பார்க்கவில்லை. வருடக்கணக்காக அவர் பூசிவந்த வெண்மையாக்கும் கிறீமைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கட்டணம் செலுத்திய பிறகுதான் சம்மதப் படிவம் கையில் கொடுக்கப்பட்டது. நாலாம் வாரம் வாயைச் சுற்றிக் கரும்பட்டை. திருமணப் படங்களில் பாதியில் அவர் கைக்குட்டையால் வாயை மூடியபடி இருக்கிறார்.

அந்தக் கருமை பெரும்பகுதி மறைய ஒரு வருடத்துக்கு மேல் சென்றது. ஆனால் சொல்லவேண்டியது இன்னொன்று உண்டு. அவர் எங்களிடம் முதல் நாள் வந்தபோது, எங்கள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, "இந்த வயதில் இது ஏன் அக்கா?" என்பதுதான். அவர் ஒன்றும் சொல்லவில்லை, குனிந்துகொண்டார். பிறகு ஒரு நாள் சொன்னார்: "நீங்கள் இப்பிடிக் கேப்பியள் எண்டு பயந்துதான் முதலே உங்களிட்டை வரேல்லை." அவரைத் தனியே அனுப்பியதில் எங்களுக்கும் பங்கு இருந்தது. இன்று இந்த மேடையில் இதைப் பேசுவது அதற்கான ஒரு சிறு பரிகாரம்.

கேட்கவேண்டியவை

ஆகவே வெட்கப்படாமல் கேளுங்கள். சத்திரசிகிச்சை செய்பவர் யார், லேசர் பிடிப்பவர் யார், அவர்கள் அந்த நாட்டு மருத்துவச் சபையில் எந்தத் துறையில் பதிவு பெற்றவர்கள்? என்னைப் போன்ற நிறமுள்ள ஒருவருக்கு நீங்கள் செய்த படங்கள் உண்டா. ஒரு வருடம் கழித்து எடுத்தவை? காதின் முன்போ தாடையடியிலோ சிறு இடத்தில் செய்து, சில வாரங்கள் பொறுத்துப் பார்க்கலாமா? தோலைப் பிரிக்கும் இடத்தில் லேசர் கொடுப்பீர்களா, கொடுத்தால் எவ்வளவு? சிக்கல் வந்தால் நான் ஊர் திரும்பிய பின் யார் பார்ப்பார்? இரண்டில் ஒன்று மட்டும் போதுமா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்பவர் நல்ல வைத்தியர்.

நாமும் மறைக்காமல் சொல்லவேண்டும்: உதட்டில் அடிக்கடி வரும் கொப்புளம், முகப்பருவுக்கு எடுத்த குளிசை, அஸ்பிரின், நீரிழிவு, தடித்து வளர்ந்த பழைய தழும்பு, பூசும் கிறீம் எல்லாவற்றையும். உதட்டுக் கொப்புளத்தின் கிருமி லேசர் பட்ட முகம் முழுவதும் பரவக்கூடியது. முன்கூட்டியே மாத்திரை கொடுத்துத் தடுக்கலாம். வெண்மையாக்கும் கிறீம்கள் சிலவற்றில் பாதரசமும் ஸ்டீரொய்ட்டும் கலந்திருக்கும். தோலை மெலிதாக்கும் அவற்றை உடனே வைத்தியரிடம் காட்டுங்கள்.

விழாவுக்காகச் செய்வதாயின் நாட்காட்டியைப் பாருங்கள். முகத்தூக்கின் வீக்கமும் கன்றலும் இரண்டு மூன்று வாரங்கள். மரத்துப்போன உணர்வு மாதக்கணக்கில். லேசரின் சிவப்பும் வாரங்கள் முதல் மாதங்கள் வரை. அதற்கிடையில் எங்கள் ஊர் வெயிலில் வந்து நிற்பது கருமையைக் கையைப் பிடித்து அழைப்பதாகும். பெரிய விழா ஒன்றுக்குக் குறைந்தது ஆறு மாதம் முந்தியாவது எல்லாம் முடிந்திருக்கவேண்டும்.

தங்கைமாருக்கு ஒன்று. வெறுந்தலையோடு நல்லூர் வெயிலில் சைக்கிள் ஓடிய தலைமுறை நாங்கள். எங்கள் நெற்றியில் இருப்பதில் ஒரு பங்கு அந்த வெயில் எழுதியது. நீங்கள் 30க்குக் குறையாத சன்ஸ்கிறீனை இரண்டு விரல் நீளத்துக்கு எடுத்து முகத்துக்கும் கழுத்துக்கும் பூசுங்கள். வெளியில் நின்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்பப் பூசுங்கள். குடை பிடியுங்கள். அது லேசரைவிட மலிவு.

எங்கள் கனடாத் தோழிக்கு வருவோம். அன்றிரவே கண்ணாடியோடு படுத்துப் பார்த்தாள். "எல்லாம் காணாமல் போட்டுது. எழும்பினால் திரும்ப வருது," என்றாள். அவளுடையது தொய்வு, லேசருக்கு அங்கே வேலை குறைவு. அடுத்த வாரம் தன் வைத்தியரிடம் அந்தக் கேள்விகளைக் கேட்டாள். ஒரே நாளில் இரண்டும் என்ற திட்டத்தை அவரே கைவிட்டார். விழா முடிந்து திரும்பிய பிறகு, முகத்தூக்கு மட்டும் செய்வதா என்று யோசிக்கப்போகிறாள். செய்தால் நாங்கள் வாழ்த்துவோம். செய்யாவிட்டாலும் வாழ்த்துவோம்.

நேற்று மாலை பாடசாலை வாசலில் அவள் இறங்கியபோது, எங்களுக்கு உயர்தரத்தில் உயிரியல் படிப்பித்த ரீச்சர் கதிரையில் இருந்தபடி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். அவருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. "நீ கடைசி வாங்கிலை இருந்து கதைக்கிறனி எல்லே? இன்னும் நிப்பாட்டேல்லையோ?" என்றார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். முகத்தில் கோடுகள் எல்லாம் தெரிந்தன.

நாலு மணிக்கு முன்முற்றத்தில் எல்லா வகுப்பினரும் படம் எடுக்கிறோம். 95 ஆம் ஆண்டு தொலைந்த படத்துக்கு இது பதில். செய்த முகம், செய்யாத முகம், செய்ய யோசிக்கும் முகம், எல்லாம் வாருங்கள். அதற்குப் பின் தேநீர் வேளையில் நாங்கள் இங்கேதான் இருப்போம். கேட்க விரும்புவதைக் கேளுங்கள். தனியக் கேட்டாலும் சரி, எல்லோர் முன்னிலையில் கேட்டாலும் சரி.